முன்னறையில் நூற்றெண்பது கிலோ

எங்கள் நீர்மூழ்கியில் ஐம்பது பேர் இருந்தோம். ஐம்பது பேரின் எடையும் எஞ்சினியர் மார்க்வார்ட்டின் நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. நான் ஹின்னெர்க், சமையல்காரன், அறுபத்தெட்டு கிலோ. முன்னறையில் டார்பிடோக்களைப் பார்த்துக்கொண்ட என் நண்பன் லூட்கர் எழுபத்தொன்று. அந்தப் புத்தகத்தில் பதவி, பதக்கம் எதற்கும் இடமில்லை.

படகைக் கட்டியவர்கள் கெட்டிக்காரர்கள். எழுநூறு டன் இரும்பு, ஆபத்து மணி அடித்த முப்பதாவது விநாடியில் கடலுக்குள் மறைந்துவிடும். மறைந்த பிறகு அது நகைக்கடைத் தராசு மாதிரி. முன்னால் கொஞ்சம் கனம் கூடினால் மூக்கைக் கவிழ்க்கும், குறைந்தால் நிமிர்த்தும். அதனால் தினமும் மாலையில் அன்று செலவானதன் எடையை நான் எஞ்சினியர் முன் நின்று ஒப்பிக்க வேண்டும்.

"ரொட்டி பதினெட்டு, கிழங்கு இருபத்தஞ்சு. கடல்ல கொட்டுன குப்பை ஆறு, ஐயா."

வெளியே போன கனத்துக்கு ஈடாக அவர் அதே அளவு கடல்நீரைத் தொட்டிக்குள் விடுவார். படகு அசையாமல் நிற்கும்.

நான் ஆல்டோனா மீன் சந்தையில் வளர்ந்தவன். எங்கள் கடையில் விலாங்கை நிறுக்கும்போது என் அப்பாவின் கட்டைவிரலும் சேர்ந்தே விற்பனையாகும். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை நான்கு பயணங்கள் ஒரு கிலோகூடப் பிசகாமல் உண்மை சொன்னேன் என்றால், எங்கள் வம்சத்திலேயே அது புதுமை. அந்த நான்கு பயணங்களில் படகின் பெருமையும் தேய்ந்துபோனது. முதல் பயணத்தில் மூன்று கப்பல்களை மூழ்கடித்தோம், இரண்டாவதில் ஒன்று. அப்புறம் நாங்கள் யாரையும் துரத்தவில்லை. எங்களைத்தான் துரத்தினார்கள்.

ஐந்தாவது பயணம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நான்கு ஆகஸ்டில், பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து நார்வேயின் பெர்கனுக்கு. அமெரிக்கர்கள் ஊரைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். கிடங்குக் காவலர்கள் கதவைத் திறந்து போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். உள்ளே காபிக் கொட்டை மூட்டைகள்.

முந்தைய வருடக் குண்டுவீச்சில் ஆல்டோனாவில் எங்கள் வீடும் கடையும் போய், அப்பாவும் போயிருந்தார். அம்மா ஒரு தோட்டக் குடிசையில் கிடந்தாள். மேலே தார்க் காகிதம்தான். இன்னொரு குளிர்காலத்தை அவள் அதற்குள் தாங்க மாட்டாள். கூரை போடுபவன் பணத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. காபி இருந்தால் வருகிறேன் என்றான்.

உபரி டார்பிடோக்கள் அந்த முறை ஏறவில்லை. முன்னறையின் தரைத்தகடுகளுக்கு அடியில் இடம் காலியாகக் கிடந்தது. நானும் லூட்கரும் மூன்று மூட்டைகளை அங்கே இறக்கினோம். அறுபது அறுபதாக நூற்றெண்பது கிலோ. இரண்டு எனக்கு, ஒன்று அவனுக்கு.

"எஞ்சினியர் கண்டுபிடிச்சா?" என்றான் லூட்கர்.

"தண்ணிய இங்கேருந்து அங்கே தள்ளிட்டுப் போயிட்டே இருப்பாரு. அந்தாளுக்கு அதுதானே பொழப்பு."

அப்படித்தான் நடந்தது. முதல் முறை மூழ்கியதும் படகு மூக்கைக் கவிழ்த்தது. மார்க்வார்ட் பின்பக்கம் தண்ணீரைத் தள்ளிச் சமன் செய்தார். படகு சமமானது, மனிதர் சமமாகவில்லை. மூன்று நாள் அந்தப் புத்தகத்தையே வெறித்துக்கொண்டிருந்தார். ஐந்து நாள் தாடிக்குள் கண்கள் சிவந்திருந்தன.

"டேய் சமையல், இங்க வா. முன்னால நூத்தெண்பது கிலோ கூடுதலா நிக்குது. எதையாவது சொல்லாம விட்டியா?"

"எங்கப்பா மேல சத்தியமா இல்லய்யா."

எங்கள் வீட்டில் அந்தச் சத்தியத்துக்கு யாரும் காலணா தந்ததில்லை. அவருக்கு அது தெரியாது.

"அப்போ தண்ணிதான். முன்னறை மேல்மூடியில ரப்பர் போயிருக்கும். இப்பவே இவ்வளவு கசிஞ்சா, இருநூறு மீட்டர் ஆழத்துல நம்ம கதி என்ன?"

"தொட்டுப் பாத்தேன் ஐயா, காஞ்சிருக்கு," என்றான் லூட்கர்.

"உன் விரலைவிட என் புத்தகத்தை நம்புறேன். காலையில மேல போறோம். வெளியேருந்து மூடிய இறுக்கணும். உன் அறை, நீயே போ."

விடிந்தபோது கடல்மேல் மூடுபனி திரண்டிருந்தது. விமானங்களின் கண்ணில் படாமல் மேலே வர கேப்டனுக்கு அது போதுமானதாக இருந்தது. கோபுர ஏணியடியில் லூட்கரின் இடுப்பில் பாதுகாப்புக் கயிற்றைக் கட்டினேன். அவன் என் காதோரம் குனிந்தான்.

"சொல்லிடலாமாடா?"

"பத்து நிமிஷ வேலைடா. இந்தப் பனியில உன் மூக்கே உனக்குத் தெரியாது. பத்து நிமிஷத்துக்கு ஒரு கூரை."

"உனக்குக் கூரை. எனக்கு ஒரு மூட்டைதானே?"

"சரி, சரிபாதி. ஒன்றரை மூட்டை உனக்கு."

சிரித்தான். "இல்லாத ஓட்டையை அடைக்க இப்படிக் கூலி குடுக்கிற கிறுக்கனை எங்க ஊருல பாத்ததே இல்ல." ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினான். முடிச்சை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தேன். நன்றாக இறுகியிருந்தது.

எட்டாவது நிமிடம் மணி அடித்தது. பனி கிழிந்த இடத்தில் விமானம். கோபுரத்தின் மேல் நின்ற காவலாளிகள் நால்வரும் கேப்டனும் ஏணியில் சறுக்கி உள்ளே விழுந்தார்கள். கோபுர மூடி சாத்தப்பட்டது. முன்தளத்திலிருந்து கோபுரத்துக்கு இருபது மீட்டர். கயிற்றை அவிழ்த்துவிட்டு ஓடிவர முப்பது விநாடி போதாது.

"எல்லாரும் முன்னால!" என்று கத்தினார் மார்க்வார்ட். அவசரமாக மூழ்கும்போது மூக்கைக் கவிழ்க்க, கையில் வேலையில்லாதவர்கள் எல்லோரும் முன்னறைக்கு ஓடி விழ வேண்டும். நானும் ஓடினேன். இருபது பேர் ஒருவர்மேல் ஒருவராகக் கிடந்தோம். எனக்குக் கீழே தகடு, தகட்டுக்குக் கீழே காபி, தலைக்கு மேலே அந்த மூடி.

மூடியில் இரும்பு தட்டும் சத்தம் கேட்டது. மூன்று முறை. அப்புறம் கடல் ஏறும் இரைச்சல். யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

குண்டுகள் தூரத்தில் விழுந்து ஓய்ந்தன. மார்க்வார்ட் புத்தகத்தைத் திறந்து பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"லூட்கர், எழுபத்தொன்று. தொட்டியில எழுபத்தோரு லிட்டர் விடு."

வால்வு திறந்தது. என் நண்பன் இருந்த இடத்துக்கு அட்லாண்டிக் வந்து சேர்ந்தது.

"ஐயா," என்றேன். "முன்னறையில காபி இருக்கு. மூணு மூட்டை, நூத்தெண்பது கிலோ. கசிவே இல்ல."

அடிப்பார் என்று நினைத்தேன். துப்பாக்கியை எடுத்தாலும் வியந்திருக்க மாட்டேன். அவர் முகத்தில் முதலில் வந்தது நிம்மதி.

"அப்போ என் கணக்கு சரி." அதைச் சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. புத்தகத்தை மூடினார். "கேப்டன்கிட்ட நான் சொல்ல மாட்டேன். சொன்னா உன்னைச் சுட்டுருவாங்க. ஒரே நாள்ல ரெண்டு பேர் எடையை அடிக்க எனக்குத் தெம்பு இல்ல. ஆனா இனி தினமும் காபியையும் ஒப்பிக்கணும். சத்தமா."

ஒப்பித்தேன். பெர்கன் வரை இருபத்தாறு மாலைகள். "ரொட்டி பன்னெண்டு, கிழங்கு இருபது. காபி நூத்தெண்பது, குறையல." இரண்டாம் நாளே படகு முழுக்க விஷயம் புரிந்துவிட்டது. கேப்டன் மட்டும் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டார். ஒருவனும் ஒரு கோப்பை கேட்கவில்லை. கேட்டிருந்தால், திட்டியிருந்தால்கூட, எனக்குக் கொஞ்சம் சுமை இறங்கியிருக்கும்.

பெர்கனில் மார்க்வார்ட் என்னைக் கரையிறக்கினார். நுரையீரல் சரியில்லை என்று மருத்துவரிடம் எழுதி வாங்கியிருந்தார். மூட்டைகளை எடுக்க விடவில்லை.

"படகு இப்ப சமமா நிக்குது. அதைக் கலைக்காத."

எனக்குப் பதிலாக வந்த புதுச் சமையல்காரன், கன்னத்தில் மாவு மாதிரி பூனைமுடி உள்ளவன், பையைத் தோளில் போட்டுக்கொண்டு பலகையில் ஏறினான். மார்க்வார்ட் வழக்கம்போல எடையைக் கேட்டார்.

"அறுபத்தெட்டு, ஐயா."

அவர் புத்தகத்தைத் திறந்தார், என்னை ஒரு தரம் பார்த்தார், என் பெயரை மட்டும் அடித்தார். எண்ணை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

அக்டோபரில் அந்தப் படகு புறப்பட்டது. திரும்பவில்லை. அம்மாவிடம் வெறுங்கையோடுதான் போய்ச் சேர்ந்தேன். தார்க் காகிதத்தில் மழை தட்டிக்கொண்டிருந்தது.