ஒரு புதுசு, ஒரு பழசு

தீர்ந்துபோன செல்லைக் குப்பையில் போடச் சிவகுமாருக்கு மனசே வராது. கடிகாரம் நின்றால் அதன் செல்லைக் கழற்றி மாடி வெயிலில் வைப்பான், கல்லில் நாலு தட்டு தட்டுவான், பிறகு ரிமோட்டிலோ டார்ச்சிலோ ஒரு புதுச் செல்லோடு ஜோடி சேர்த்துவிடுவான். அதில் இன்னும் பாதி பவர் இருக்கிறதாம். சேவூரில் நாலு விசைத்தறி ஓட்டுகிறவனுக்கு இப்படி ஒரு புத்தி.

அவன் அப்பா ஜெகநாதன் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து முன்னறைக் கட்டிலில் கிடந்தார். பின்கட்டில் தறி ஓடும்போது காதருகில் கத்தினாலும் கேட்காது. அதனால் சிவகுமார் வயரில்லாத பெல் வாங்கி வந்தான். அழுத்துகிற பொத்தான் அப்பா கையில். மணியைத் தறிக்கூடத்துச் சுவரில் கரண்ட் பிளக்கில் மாட்டினான். அடித்தால் சிவப்பு விளக்கும் எரியும். பொத்தானுக்குச் செல் போட்டதும் அவன்தான். ஒன்று புதுசு, ஒன்று கூடத்துக் கடிகாரத்தில் ஓய்ந்தது.

பாவு, பட்டு நூல் என்று அவன் வெளியே சுற்ற, தறியைப் பார்த்துக்கொண்டது அவன் மனைவி சுகன்யா. மணிக்கு ஓடியதும் அவள்தான். ஃபேனைக் கூட்டச் சொல்லி ஒரு மணி, குறைக்கச் சொல்லி ஒரு மணி, மூக்கில் ஈ உட்கார்ந்ததற்கு ஒரு மணி. தீபாவளிச் சரக்கு தலைக்கு மேல் கிடந்தது. ஒருநாள் அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

“மாமா, உயிர் போற மாதிரி இருந்தா மட்டும் அடிங்க.”

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஆயுத பூஜை வந்தது. தறி, மிக்சி, ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் விபூதிப்பட்டை போட்ட சுகன்யா, அந்தப் பொத்தானையும் விடவில்லை. இரண்டு நாள் தறி நிறுத்தம். கூப்பிட்டாலே கேட்டது, பெல்லுக்கு வேலையில்லை.

பிறகு தறி ஓடியது, மணிதான் அடிக்கவில்லை. மனுஷனுக்கு உறைத்துவிட்டது என்று நினைத்தாள். உள்ளதைச் சொன்னால் அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் போனால் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. வைத்த தண்ணீர் வைத்தபடி இருந்தது. பொத்தானின் விளிம்பில் வெள்ளைப் பொடி உதிர்ந்திருந்தது. பூஜை விபூதி என்று முந்தானையால் துடைத்தாள். அவரும் அப்படி நினைத்துத்தான் நெற்றியில் பூசியிருக்கிறார். பூசிய இடம் சிவந்து தடித்திருந்தது. கொசு கடித்திருக்கும் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் காலை கரண்ட் போய் நாலு தறியும் ஒன்றாக நின்றன. அந்த அமைதியில் முன்னறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. டக், டக், டக். சுகன்யா போய்ப் பார்த்தாள். படுக்கை நனைந்திருந்தது. ஜெகநாதன் கண்ணை மூடியபடி பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார்.

“கரண்ட் இல்ல மாமா. எப்படி அடிக்கும்?”

“இத்தன நேரம் இருந்துச்சே.” அவர் கண்ணைத் திறக்கவில்லை. “விடிஞ்சதுலேருந்து அடிச்சிகினு இருக்கேன். நேத்தும் அடிச்சேன். நீ வரலன்னதும் தண்ணி குடிக்கிறத நிறுத்திட்டேன். இன்னிக்கி அடக்க முடியலம்மா.”

சுகன்யா வேட்டியையும் விரிப்பையும் மாற்றிவிட்டுப் பொத்தானின் பின்மூடியைத் திறந்தாள். உள்ளே வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. கடிகாரச் செல்லின் அடி வெடித்துக் கசிந்து, ஸ்பிரிங்கைப் பச்சையாக அரித்திருந்தது. அதை அவரிடம் காட்டினாள். மணி அடிக்கவே இல்லை, எனக்குக் கேட்கவே இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர் “ம்” என்றார். நம்பியவர் சொல்கிற “ம்” இல்லை அது.

சாயங்காலம் வந்த சிவகுமார் எலுமிச்சம்பழமும் பழைய பிரஷ்ஷுமாக உட்கார்ந்து தேய்த்தான். ஸ்பிரிங் கையோடு வந்துவிட்டது. அந்தச் செல்லில் இன்னும் பவர் இருந்தது என்று ஆரம்பித்தான். சுகன்யா கத்தவில்லை. ரிமோட், டார்ச், யாரும் தொடாமல் கிடந்த பொம்மைக் கார் என்று ஒவ்வொன்றாகத் திறந்து செல்களைத் தரையில் கொட்டினாள். பொம்மைக்குள்ளும் வெள்ளை பூத்திருந்தது.

“போட்டா ரெண்டும் புதுசா போடுங்க. ஓடாத சாமான்ல செல்லே வேணாம். நான் வேணும்னே வரலன்னு நெனச்சிகினு கெடந்திருக்காரு உங்கப்பா.”

அவன் தலையைக் குனிந்துகொண்டு செல்களைப் பொறுக்கினான்.

புதுப் பெல் வந்தது, இரண்டு புதுச் செல்லோடு. சுகன்யா தறியை நிறுத்திவிட்டு வந்து அவர் கண்ணெதிரே அழுத்திக் காட்டினாள். மணி தறிக்கூடத்தில் அடித்தது அவருக்கும் கேட்டது. பொத்தானை வாங்கி நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார்.

தறி ஓடியது. காலை முழுக்க மணி அடிக்கவில்லை. விளக்கையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஒரு தறியில் இழை அறுந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. மதியத்துக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. தறியை நிறுத்தாமலே ஓடினாள்.

ஜெகநாதன் வாசற்படியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உயிரு ஒண்ணும் போவல,” என்றார். “குடிக்கத் தண்ணி வேணும்.”

கொண்டுவந்து கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, டம்ளரை மறுபடியும் நீட்டினார்.