கம்பத்தைப் பிடுங்கிய கை

1

இந்தக் கதை பிறந்ததற்கு என் இடது கைதான் காரணம். பிளேக் ஊசி போட்டதில் அது வீங்கிக் கிடக்கிறது. வேலைக்குப் போக முடியாது, எழுதலாம். எழுதும் கை வலது கை. யுத்த காலம், காகிதம் கிடைப்பதே பெரும்பாடு. அதனால் அடித்த வரிகளையும் அப்படியே விட்டுவைக்கிறேன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கதை என் அக்கா செல்லாயியுடையது. நடந்து இருபது வருஷம் ஆகிறது.

2

முதல் தொடக்கம்: எலிகள் பொத்துப் பொத்தென்று விழ, வானம் இருண்டு—

(அடித்துவிட்டேன். பங்குனியில் எங்கள் பக்கத்து வானம் வெளுத்துத்தான் கிடக்கும்.)

இரண்டாவது: தூளிக்கு அடியில் செத்த எலியைக் கண்ட செல்லாயி ஓவென்று கதறி—

படித்துக் காட்டினேன். புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள்.

"நானெங்க சாமி கதறுனேன்? மொதல்ல புள்ளையத் தூக்குனேன். கதற நேரமெங்க இருந்துச்சு?"

அதுவே நல்ல தொடக்கம். எழுதுகிறவனுக்குத் தோன்றவில்லை.

3

எலியைக் கண்டதும் செல்லாயி தூளியில் கிடந்த மகள் வசந்தாமணியை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். எலி விழுந்தால் என்ன செய்வதென்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். வீட்டைப் பூட்டிவிட்டு அவரவர் உழவுக் காட்டுக்குப் போய்ச் சாளை, அதாவது ஓலைக் குடிசை, போட்டுக்கொள்ள வேண்டும். ஹாங்காங்கில் கிளம்பி, பம்பாயில் கப்பல் இறங்கி, உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு எங்கள் ஊருக்கும் வந்த நோய் அது. அதனிடம் எங்களுக்குத் தெரிந்த ஒரே வித்தை, வீட்டை விட்டு ஓடுவது.

அந்த வருஷம் ஓட வழியில்லை. மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்குக் கம்பம் நட்டாகிவிட்டது.

(கம்பம் என்பது மூன்று கிளை விட்ட மரக்கொம்பு. கோயில் முன் நட்டுவிட்டால், பூசாரி அதைப் பிடுங்கி ஆற்றில் விடும்வரை ஊரார் யாரும் எல்லை தாண்டி இராத் தங்கக் கூடாது. பெண்கள் காலையில் தண்ணீர் ஊற்றலாம், தொடக் கூடாது. பூசாரி தவிர ஆண்களும் தொடக் கூடாது.)

செல்லாயி வீட்டுக் காடு ஊர் எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

"போயிரலாமுங்க" என்றாள் செல்லாயி.

அவள் கணவன் சென்னியப்பன் கோழையல்ல. நோம்பி விரதத்துக்குக் கையில் காப்புக் கட்டியவன். "கம்பம் நிக்குதல்ல. மீறிப் போயி புள்ளைக்கு ஒண்ணு ஆயிட்டா? ஊரே உன்னையத்தான் சொல்லும்."

"இங்கயே இருந்து ஒண்ணு ஆயிட்டா ஆரைச் சொல்றதுங்க?"

 

4

பூசாரி சடையன் என் முதல் பிரதியில் வில்லனாக இருந்தார். உருட்டு விழி, கட்டைக் குரல், எல்லாம் கொடுத்திருந்தேன்.

"அவுரயவா இப்படி எழுதியிருக்கற?" அக்காவுக்கு நிஜமாகவே கோபம். "வெசக்காச்சல்ல பொண்டாட்டியையும் மகனையும் ஒரே வாரத்துல பறிகுடுத்தவரு. எங்களையெல்லாம் விட அவுருதான் பயந்துபோயிக் கெடந்தாரு."

உருட்டு விழியைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். எலி விழுந்த அன்று சாயங்காலம் கோயில் முன் நடந்தது இவ்வளவுதான். பக்கத்தில் சென்னியப்பனும் இருந்தான்.

"ஏனுங்க, ஊருன்னா என்னங்க?" என்று செல்லாயி சடையனைக் கேட்டாள். " ஊடுகளா, கம்பமுங்களா?"

"கம்பம் நட்ட எடந்தான் அம்மிணி ஊரு. என்னத்துக்குக் கேக்கற?"

"தெரிஞ்சுக்கலாம்னுதானுங்க."

மூவரும் கம்பத்தைப் பார்த்தார்கள். பிறகு யாரும் யாரையும் பார்க்கவில்லை.

5

விடிந்ததும் குடத்தோடு வந்த பெண்கள் குடத்தை இறக்கி வைத்தார்கள். கம்பம் இருந்த இடத்தில் குழி மட்டும் இருந்தது. கம்பமோ எல்லைக்கல் தாண்டி, செல்லாயியின் உழுத காட்டில், மூன்று கிளையும் மேலே பார்க்க நின்றது.

சடையன் குழியையே வெகுநேரம் பார்த்தார். பிறகு தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு சொன்னார்: "ஆத்தா முந்திப் போயிட்டா. நாமதான் இன்னும் இங்க நிக்கறோம்."

பாய், சட்டி, ஆடு, மாடு என்று ஊரே கிளம்பியது. பொழுது சாய்வதற்குள் செல்லாயியின் காட்டைச் சுற்றிச் சாளைகள் முளைத்தன. அந்தத் தடவை எங்கள் ஊரில் ஒரே ஒரு சாவு. கோயில் விளக்கு அணையக் கூடாதென்று தினமும் திரும்பிப் போய்வந்த சடையன். சுற்று வட்டாரத்தில் ஊர் ஊராக அள்ளிக்கொண்டு போனது.

6

முடிவு என்னிடம் மூன்று இருக்கின்றன. பிடுங்கியவர் சடையன். பிடுங்கியவன் சென்னியப்பன். பிடுங்கியவள் செல்லாயி. மூன்றையும் எழுத என்னால் முடியும். கடைசியை எழுதும்போது என் பேனா கொஞ்சம் வேகமாகவே ஓடியது.

"எது அக்கா?"

"எதுவும் எழுதாத."

"சடையனாக இருந்தால், செத்தவருக்குப் பேராவது கிடைக்கட்டுமே!"

"அவுரா இருந்தா அவுருக்குத் தெரியும். ஆத்தாளுக்கும் தெரியும்."

"நீயாக இருந்தால்?"

அக்கா சிரித்தாள். புளிக்கூடையைத் தள்ளி வைத்தாள். "பேரு எழுதுனீன்னா அது அவிய வேலைன்னு ஆயிரும் சாமி. அடுத்த தடவ எலி உழுந்தா, ஊரே அந்த ஒருத்தருக்காகக் காத்துக்கிட்டு உக்காந்திருக்கும். எடத்த உட்டு வெய்யி."

விட்டு வைத்திருக்கிறேன்:

அன்று விடியுமுன் கம்பத்தைப் பிடுங்கியது ................ கை.

இந்த வருஷம் கம்பம் போன செவ்வாய்க்கிழமை நட்டார்கள். எங்கள் தெருவில் இன்று காலை ஓர் எலி விழுந்தது. ஊசி போட்டுக்கொண்டவர்கள் சிலர்தான். பூசாரி, ஊர்ப் பெரியவர்கள் யோசிக்கட்டும் என்கிறார். பெரியவர்கள், பூசாரி யோசிக்கட்டும் என்கிறார்கள்.

என் இடது கை வீங்கியிருக்கிறது. பேனாவைக் கீழே வைத்துவிட்டால் வலது கை சும்மாதான் இருக்கும். உங்கள் கை?