மூன்றடி இரண்டங்குலம்

சிவபாதசுந்தரம் முப்பத்தாறு வருடம் நில அளவையாளராக இருந்தவர். தன் அளவு பிழைத்ததென்று வாழ்நாளில் ஒருமுறையேனும் ஒப்புக்கொண்டதில்லை. அந்தக் குணத்தால்தான் மகள் மிதுனா ஆறு வருடமாகக் கொழும்பு வெள்ளவத்தையிலுள்ள அவர் அடுக்குமாடி வீட்டுப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. கலியாணப் பேச்சு நடந்த அன்று மாப்பிள்ளை கஜேந்திரனைக் கண்ணாலேயே அளந்து, "ஐஞ்சடி நாலு" என்று சபை நடுவே அறிவித்துவிட்டார். ஐந்தடி ஏழு என்றாள் மகள். மருத்துவ அறிக்கையைக் கொண்டுவந்து காட்டினாள். "டொக்டர் சப்பாத்தோட அளந்திருப்பார்" என்றார் மனுஷன். மகள் கலியாணம் முடித்து ரொறன்ரோவுக்குப் போனவள் போனவள்தான்.

இப்போது வருகிறாள். புருஷனோடும் நாலு வயதுப் பேத்தியோடும் வந்து, இரண்டு கிழமை அப்பா வீட்டிலேயே தங்கப்போகிறாள். சிவபாதசுந்தரம் புது மெத்தை வாங்கினார், அறைக்கு ஏசி பூட்டினார், பேத்தி ஏறி நின்று கைகழுவ ஒரு குட்டி முக்காலிகூட வாங்கிவைத்தார். சந்தோஷத்தில் அவருக்கு இரண்டு நாள் பசிக்கவே இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் மூன்றாம் மாடிப் பிரியந்தன் மக்ரோ லென்ஸ் வாங்கினான். கலியாணவீட்டுப் படம் எடுக்கிற பொடியன். மோதிரங்களை அருகில் எடுக்கவென்று வாங்கிய லென்ஸால் முதல் வேலையாகப் படிக்கட்டில் ஊர்ந்த ஏதோ ஒன்றை எடுத்து, அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் போட்டான். கறுத்த உடம்பு, முள்ளுக் கால்கள், முகத்தில் தும்பிக்கை.

குடியிருப்போர் சங்கத் தலைவர் சிவபாதசுந்தரம். பொறுப்புள்ள மனிதர். உடனே குழுவில் கேட்டார்: "என்ன அளவில் எடுத்தது?"

"ஒண்டுக்கு ஒண்டு அங்கிள்" என்று பிரியந்தன் பதில் போட்டுவிட்டு, நீர்கொழும்பில் ஒரு கலியாணத்துக்குப் போய்விட்டான். போனையும் அணைத்துவிட்டான்.

வரைபடத்தோடு வாழ்ந்த மனிதருக்கு ஒன்றுக்கு ஒன்று என்றால் வேறு அர்த்தமே கிடையாது. நிலத்தில் எவ்வளவோ, தாளிலும் அவ்வளவு. படத்தைத் தன் பெரிய டீவியில் போட்டு, அளவு நாடாவைப் பிடித்தார். மூன்றடி இரண்டங்குலம்.

அவசரக் கூட்டம் கூடியது. இரண்டாம் மாடிக் கிளெமென்ற் கிரிக்கெட் மட்டையோடு வந்தார்.

"எண்ட போன்ல அஞ்சு இஞ்சிதான் இருக்கு" என்றார்.

"எண்ட டெப்லட்ல ஒம்பது இஞ்சி" என்றார் ஐந்தாம் மாடிப் பஸீஹா டீச்சர். "நான் ரெண்டு தரம் அளந்து பாத்தேன்."

சிவபாதசுந்தரம் மூன்று அளவையும் தாளில் எழுதி, நெடுநேரம் யோசித்தார். ஒருவருடைய அளவையும் பிழையென்று தள்ள முடியாது. ஆகவே விடை ஒன்றுதான்.

"மூண்டு நிக்குது" என்றார். "குட்டி, தாய், தகப்பன்."

லிஃப்டை நிறுத்தினார்கள். மொட்டைமாடிக் கதவைப் பூட்டினார்கள். தகப்பனைப் பிடிக்கப் பெரிய கூடு செய்விப்பதா, குட்டியை முதலில் மடக்குவதா என்று ஒரு மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. தலைவர் கையெழுத்திட்ட அறிவித்தல் அன்று பின்னேரமே குழுவுக்குப் போனது. மகள் வருகிறாள் என்றதும் அவளையும் தானே அந்தக் குழுவில் சேர்த்துவிட்டதை மனிதர் மறந்தே போனார்.

கொஞ்ச நேரத்தில் மகளிடமிருந்து செய்தி வந்தது. "பிள்ளையைக் கொண்டு அங்க வரேலாது அப்பா. கொள்ளுப்பிட்டியில ஹோட்டல்ல ரூம் எடுக்கிறம்."

சிவபாதசுந்தரம் குட்டி முக்காலியைப் பார்த்தபடி இருந்தார். தன் அளவு நாடாவே தன் வீட்டுக் கதவை அடைத்துவிட்டதே என்று நினைத்தார்.

மறுநாள் காலை பிரியந்தன் அரிசி அளக்கிற தகரச் சுண்டோடு படியேறி வந்தான். சுண்டுக்குள் அரிசி, அரிசிக்குள் வண்டு.

"இதுதான் அங்கிள் அது. மூண்டு மில்லிமீற்றர்."

"நீ ஒண்டுக்கு ஒண்டு எண்டனீ."

"ஓம். கமராவுக்குள்ள படம் விழுற தகடு ஒண்டு இருக்கு, தபால் முத்திரையளவு. மூண்டு மில்லிமீற்றர் வண்டு அதில மூண்டு மில்லிமீற்றராவே விழும். அதுதான் ஒண்டுக்கு ஒண்டு. ஒண்டுக்கு ரெண்டு லென்ஸ் எண்டா அதில பாதியாத்தான் விழும். அவ்வளவும் தகட்டோட சரி. பிறகு நான் சுத்தவர இருந்ததை வெட்டிப்போட்டு வண்டை மட்டும் விட்டனான். போன் அதைத் தன்ர அளவுக்குக் காட்டும், உங்கட டீவி தன்ர அளவுக்கு இழுக்கும்."

சிவபாதசுந்தரம் சுண்டை வாங்கி மேசையில் வைத்தார். வேலைக்காலத்தில் வரைபடத்தைப் போட்டோகொப்பியில் பெருப்பித்துவிட்டு, மூலையில் பழைய அளவுத்திட்டத்தை அப்படியே விட்ட உதவியாளர்களை அவர் எத்தனை பேர் முன்னால் வைத்துக் கிழித்திருப்பார். பெருப்பித்தால் அந்த எண் செல்லாது என்று தொண்டை வறளக் கத்தியவர் அவர். இன்று அதே பிழையைத் தானே செய்து, கையெழுத்தும் வைத்திருக்கிறார்.

வண்டு சுண்டின் விளிம்பில் ஏறி நின்று அவரைப் பார்த்தது.

போனை எடுத்தார். ஒரு வரியை நாலு தரம் எழுதி அழித்தார். கடைசியில் குழுவுக்கு இப்படிப் போனது: "திருத்தம். விலங்கு ஒன்றே. அரிசி வண்டு. நீளம் மூன்று மில்லிமீற்றர். நான் அளந்தது பிழை. சிவபாதசுந்தரம்." கிளெமென்ற் மட்டையை உள்ளே வைத்தார். பஸீஹா டீச்சர் மட்டும் தன்னுடையது ஒன்பது அங்குலம்தான் என்று பிடிவாதமாக நின்றார்.

பத்து நிமிஷத்தில் மிதுனா அழைத்தாள்.

"அப்பா, பிழை எண்டு எழுதினது நீங்களோ, பிரியந்தனோ?"

"நான்தான்."

மறுபக்கத்தில் பேத்தி ஏதோ பாடுவது தூரத்தில் கேட்டது.

"அப்ப கஜனின்ர உயரம்?"

அளவு நாடா மேசையில் கிடந்தது. மாப்பிள்ளை வந்ததும் சுவரோடு நிறுத்தி, சப்பாத்தைக் கழற்றவைத்து அளக்கவென்று ஆறு வருடமாக அவர் மனதில் ஒரு திட்டம் இருந்தது. நாடாவைச் சுருட்டி மேசை லாச்சிக்குள் போட்டு மூடினார்.

"ஐஞ்சடி ஏழு" என்றார்.