கரிக்குழிக்குள் காமன்

"மதினி, உன் கரிக்குழியத் தோண்டி காமன எழுப்பப் போறேன்னு மாஸ்டரு மம்பட்டியோட போறாரு. வந்து பாரு."

வேலாயி நல்ல செய்தியை நடந்து வந்து சொல்வாள், கெட்ட செய்தியை ஓடி வந்து சொல்வாள். இன்று அவளுக்கு மூச்சு வாங்கியது. பூரணி தேங்காய் துருவுவதை நிறுத்தினாள்.

"இன்னைக்கா? இன்னைக்கு அஃப்னா மிஸ் குழியப் பார்த்துக் கையெழுத்துப் போட வர்றாங்களே."

"அதனாலதானே ஓடியாந்தேன்."

பூரணி அந்தத் தோட்டத்து மாதர் சங்கத் தலைவி. இலங்கை மலையகத்தில், நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே, மேகம் வந்து மாட்டிக்கொள்ளும் ஒரு மடிப்பில் இருக்கிறது தோட்டம். கவ்வாத்து வெட்டி முடிந்ததும், விழுந்த தேயிலைக் கட்டைகளைப் பெண்கள் தலைச்சுமையாகக் கொண்டு வந்து லயத்து வீட்டு வரிசையோரம் அடுக்குவார்கள். அதற்கு மிலாறு என்று பெயர். மழைக்காலம் முழுவதும் சோறு வேகுவது அந்த மிலாறில்தான். இந்த வருடம் அதில் சரிபாதியை ஒவ்வொரு வீட்டிலும் பேசிப் பேசியே வாங்கிக் குழியில் போட்டுவிட்டாள் பூரணி. எல்லாம் அரசாங்கத்துக்காக.

"காத்துல இருக்கிற கரியப் புடிச்சு மண்ணுக்குள்ள பொதைக்கிறதுக்கு அரசாங்கம் பணம் ஒதுக்கியிருக்காம்" என்று அவள் சங்கக் கூட்டத்தில் சொன்னபோது முதலில் சிரித்தவள் வேலாயிதான்.

"காத்துல இருக்கிற கரியப் புடிப்பாங்களாம். என் குசினிக் கூரையில தொங்குற கரியப் புடிக்க ஒரு ஆளக் காணோம்."

"கேளுடி. தேயிலச் செடி காத்துல இருக்கிற கெட்டதக் குடிச்சுத்தான் கட்டையா வளருது. அந்தக் கட்டைய நாம அடுப்புல வச்சா, குடிச்சதெல்லாம் திரும்பப் பொகையாப் போயிருது. குழிக்குள்ள போட்டு, சாம்பலாக விடாம கரியாக்கி, மண்ணப் போட்டு மூடிட்டா அங்கயே கெடக்கும்."

"கெடந்து?"

"கெடந்தா, வீட்டுக்கு ஒரு பொகையில்லா அடுப்பு. பாதி வெறகுல சோறு வெந்துரும்."

அந்தக் கடைசிப் பேச்சில்தான் கூட்டம் விழுந்தது. அடுப்பு வந்தால் பாதி மிலாறு போதும். வராவிட்டால், ஆடி மழையில் பாதி லயம் ஈரக் கட்டையை ஊதிக்கொண்டு பூரணியின் பரம்பரையையே வாழ்த்தும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

குழி தோண்டத் தோட்டத்தில் வேறு சமதரை கிடைக்கவில்லை. தேயிலை இல்லாத இடம் என்று பார்த்தால் காமன் பொட்டல் ஒன்றுதான். மாசி மாதம் அங்கேதான் காமன் கூத்து நடக்கும். சிவன் நெற்றிக்கண்ணால் காமனை எரிப்பார், ரதி புரண்டு அழுவாள், மூன்றாம் நாள் காமன் உயிரோடு எழுந்துவிடுவான். கூத்தைச் சொல்லிக்கொடுத்து நடத்துகிற செல்லசாமி மாஸ்டர், "ஓரமாத் தோண்டிக்க" என்று பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தார். பெண்களும் மிலாறை எரித்து, தண்ணீர் ஊற்றித் தணித்து, மறுநாள் மூடலாம் என்று விட்டிருந்தார்கள். அன்று இரவு காமன் எரிந்தான். விடிந்ததும் பூரணி களிமண் பூசி மூடி, அரசாங்கப் பலகையை நட்டு, படமும் எடுத்து அனுப்பிவிட்டாள். இன்று மூன்றாம் நாள்.

பூரணி பொட்டலுக்கு வந்து சேர்ந்தபோது பலகைக்கு மாலை போட்டிருந்தது. தப்புக்காரர்கள் பறைத்தோலை நெருப்பில் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ரதி வேடம் கட்டும் நிரோஷன், மீசையை மழித்து, பெண்டாட்டியின் கூறைச்சேலையில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். மாஸ்டர் மம்பட்டிக்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க?"

"நான் என்ன பண்ணேன்? காமன் எரிஞ்ச நெருப்ப வருஷா வருஷம் இந்தப் பொட்டல்லதான் பள்ளம் எடுத்துப் பொதைக்கிறோம். இந்த வருஷம் வந்து பார்த்தா, நீயே தோண்டி கரியும் போட்டு வச்சிருக்க. மகராசியா இருன்னு உள்ள கொட்டிட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொல்லத்தான் வந்தேன். நீ கொறட்ட விட்டுக்கிட்டு இருந்த. எழுப்ப மனசு வரல."

"அந்தக் கொறட்டையிலதான் லயத்துல எல்லாரும் முழிச்சிருந்தோம்" என்றாள் வேலாயி.

ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. கினிகத்தேனையிலிருந்து வருகிற திட்ட அதிகாரி அஃப்னா, தலைக்கவசத்தைக் கழற்றி, முக்காட்டைச் சரிசெய்து, மாலை போட்ட பலகையைப் பார்த்தாள். தப்பைப் பார்த்தாள். சேலை கட்டிய நிரோஷனை இரண்டு தடவை பார்த்தாள்.

"இதெல்லாம் எனக்காகவா?"



"காமனுக்காக, மிஸ்" என்றார் மாஸ்டர். "உள்ளதான் இருக்காரு. இப்ப எழுப்பிருவோம்."

அஃப்னா கேட்க வேண்டியதையெல்லாம் நிதானமாகக் கேட்டாள். பூரணி சொல்லச் சொல்ல அவள் முகத்தில் சிரிப்பும் கவலையும் மாறி மாறி வந்தன.

"மாஸ்டர், பலகையில எத்தன வருஷம் தொறக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு?"

"நூறு, மிஸ்."

"நீங்க எத்தனையாம் நாள்ல எடுக்கப் போறீங்க?"

"மூணாம் நாள்."

"கொஞ்சம் இடிக்குதுல்ல?"

"அரசாங்கம் ஒரு வார்த்த முன்னமே கேட்டிருக்கலாம்."

"நான் உங்க சாமிக்குக் குறுக்க வரல. ஆனா மூடுன மண்ணத் தொறந்தா, இது சேமிச்ச கரி இல்லைன்னு ஆயிரும். முதல் கட்டப் பணம் இந்த மாசக் கடைசியோட முடியுது. மறுபடி மூடி, மறுபடி அளந்து எழுதிப் போட்டா, அடுத்த வரவு செலவுத் திட்டத்துலதான் பார்ப்பாங்க. அப்பவும் ஒதுக்குவாங்களான்னு எனக்கே தெரியாது."

"ஒரு கை கரிதான் மிஸ். மஞ்சத்தண்ணி தெளிச்சு எழுப்பிட்டு மூடிருவோம்."

"ஒரு கைன்னாலும் தொறந்ததுதான்."

மாஸ்டர் மம்பட்டியை ஊன்றிக்கொண்டு பூரணியிடம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது. "ரதிய இப்படியே தாலியறுத்தவளா விட்டுட்டா, தோட்டத்துல இந்த வருஷம் ஒரு கல்யாணம் நடக்காதும்மா. என் மகளுக்கு வைகாசியில நாள் குறிச்சிருக்கேன்."

ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் தாலி. இரண்டும் வீட்டுக் காரியம்தான், எதை விடச் சொல்வது? அவள் களிமண் மேட்டைப் பார்த்தாள். பிறகு நிரோஷனைப் பார்த்தாள். அவன் ஒப்பாரிப் பாட்டை முணுமுணுத்துக் குரலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான்.

"மாஸ்டர், சிவன் காமன எழுப்பறப்ப என்ன சொல்லி எழுப்பறாரு?"

"தெரியாத மாதிரி கேக்கற. ரதி கண்ணுக்கு மட்டும் தெரியட்டும்னு சொல்லித்தான்."

"மத்தவங்க கண்ணுக்கு?"

"தெரிய மாட்டான். அவன்தான் உடம்பில்லாதவனாச்சே."

"உடம்பு எங்க போச்சு?"

மாஸ்டர் களிமண் மேட்டைப் பார்த்தார்.

"குழிக்குள்ள கெடக்கு, வேற எங்க" என்றாள் வேலாயி.

"சிவனே உடம்ப எடுக்கல" என்றாள் பூரணி. "உசுர மட்டும் குடுத்துட்டு கைலாசத்துக்குப் போயிட்டாரு. நீங்க எதுக்கு மம்பட்டியத் தூக்கறீங்க? மஞ்சத்தண்ணிய மண்ணு மேல தெளிங்க. உசுரு வர்றதுக்கு ஓட்டை வேணுமா?"

தப்புக்காரர்கள் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. கூத்துப் பாட்டை வாய்க்குள் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தார். எந்த வரியிலும் மம்பட்டி இல்லை.

"மிஸ், தண்ணி தெளிக்கலாமா?" என்று கடைசியில் கேட்டார்.

"மழை பெய்யறதையே அரசாங்கம் தடுக்கல. தெளிங்க."

தப்பு முழங்கியது. மஞ்சள் தண்ணீர் களிமண்ணில் விழுந்தது. நிரோஷன் தலைவிரிகோலமாகக் குழியைச் சுற்றி வந்து, விழுந்து, அழுது, எழுந்து நின்றான். எல்லோரும் அவன் முகத்தையே பார்த்தார்கள். இனி அவன் சொன்னால்தான் உண்டு.

"தெரியறானா?" என்றார் மாஸ்டர்.

நிரோஷன் கண்ணைச் சுருக்கினான். "அரையும் கொறையுமாத் தெரியுது."

"என்னடா அரையும் கொறையும்?"

"எங்க வீட்டுல பாதி மிலாறுதானே வாங்குனாங்க. பாதிதான் தெரியும்."

"அடுப்பு வராம போகட்டும், உன் பொண்டாட்டி உனக்கு மீதியையும் காட்டுவா" என்றாள் வேலாயி. "ஒழுங்காப் பாரு."

"தெரியறாரு. முழுசாத் தெரியறாரு. சிரிக்கிறாரு." நிரோஷன் கையை நீட்டினான். யாரோ பிடித்துக்கொண்டதுபோல அந்தக் கை அப்படியே நின்றது. மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அஃப்னா மேட்டைச் சுற்றி வந்து, களிமண்ணை விரலால் தட்டி, விரிசல் இல்லை என்று பார்த்துப் படம் எடுத்தாள். "மூடுன மண்ணு அப்படியே இருக்கு. உள்ளயிருந்து எதுவும் வெளிய வரலைன்னு எழுதலாம்தானே?"

"கரி வரல, மிஸ்" என்றாள் பூரணி கவனமாக.

"கரிய மட்டும்தான் கேக்கறாங்க." அஃப்னா கையெழுத்துப் போட்டாள்.

"அப்ப அடுப்பு?"

"கினிகத்தேனை ஸ்டோர்ல இருக்கு. நான் போன் பண்ணா லொறியில ஏத்துவாங்க."

"இப்பவே பண்ணுங்க, மிஸ்."

"இங்க சிக்னல் இல்லையே."

"மேல பங்களா வளவுல கெடைக்கும். வாங்க."

கீழே போய்ப் பண்ணுகிறேன் என்று அஃப்னா சொல்லி முடிப்பதற்குள் பூரணி அவள் கையைப் பிடித்து ஏற்றத்தில் இழுத்துக்கொண்டு நடந்தாள். அஃப்னாவின் பையை வேலாயி வாங்கிக்கொண்டாள். பின்னாலேயே கூட்டம் ஏறியது. எல்லோருக்கும் கடைசியில், கூறைச்சேலையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிரோஷன் வந்தான். ஒற்றையடிப் பாதையில், பக்கத்தில் இன்னொருவர் நடக்க இடம் விட்டே வந்தான்.