முப்பத்தோராம் பாகம்

கண் தெரியாதவர்கள் கேட்பதற்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவுசெய்து வைக்கும் இணையதளம் ஒன்றைச் சரவணம்பட்டியிலிருந்து இளவேனில் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்பவர்கள் கூடிப்போய் ஒரு சர்வர் தாங்காததால் போன மாதம் இன்னும் இரண்டைச் சேர்த்திருந்தாள். இப்போது கூட்டம் குறைந்துவிட்டது. மூன்றாவதை அன்று சாயங்காலம் நீக்கிவிடலாம் என்று இருந்தபோதுதான் கொடுமுடியிலிருந்து போன் வந்தது.

"ஏனுங்க அம்மணி, தம்பிதுரை பேசறனுங்க. முப்பத்தொண்ணாம் பாகம் ஒரு நேரம் வருதுங்க, ஒரு நேரம் இல்லீங்குதுங்க."

இளவேனில் தட்டிப் பார்த்தாள். வந்தது. "இங்க நல்லா வருதுங்ணா. உங்க நெட்டு சரியில்லாம இருக்குமுங்க."

"இருக்குமுங்க" என்றவர் போனை வைக்கவில்லை. "அது எங்கூட்டுக்காரி வள்ளியாத்தா படிச்சதுங்க. தொண்டையில ஆபரேசன் பண்றதுக்கு முந்தி, கண்ணு தெரியாத எனக்காவ ஒக்காந்து முழுப் புத்தகத்தையும் படிச்சு ஏத்திப்போட்டா. இப்ப அவளுக்குப் பேச்சில்லீங்க. மறுக்காப் படின்னு கேக்க முடியாது பாருங்க."

இளவேனில் மறுபடி தட்டினாள். வந்தது. இன்னொரு முறை தட்டினாள். 'கோப்பு இல்லை' என்றது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மூன்று சர்வரும் தனித்தனி டிஸ்க்கில் கோப்புகளை வைத்திருந்தன. புதியவற்றைச் சேர்த்த பின், எது பதிவை வாங்கியதோ, அதில் மட்டும்தான் அது இருக்கும். கேட்பவர் வேறு சர்வருக்குப் போனால் இல்லை என்றுதான் வரும். முப்பத்தொன்று முதல் வள்ளியாத்தாள் கடைசியாக ஏற்றிய பத்துப் பாகங்கள் எங்கே என்று தேடினாள். மூன்றாவது சர்வரில் இருந்தன. வேறெங்கும் இல்லை.

சாயங்காலம் அவள் நீக்க இருந்தது அதைத்தான்.

"அண்ணா, உங்க நெட்டு மேல தப்பில்லீங்க. என்ற தப்புங்க. ரெண்டு நாள் குடுங்க."

முதல் வேலையாக அந்தப் பத்தையும் பத்திரமாகப் படியெடுத்தாள். பிறகு மூன்று சர்வருக்கும் பொதுவாக ஒரே கோப்புக் கிடங்கை க்ளவுடில் அமைத்தாள். எந்த சர்வர் வாங்கினாலும் அங்கேதான் போய்ச் சேரும். எது கேட்டாலும் அங்கிருந்தே எடுக்கும். பதிவுகள் பெருகப் பெருக அதுவும் தானாக விரியும். எல்லாவற்றையும் அதற்கு மாற்றி, ஒவ்வொரு பாகத்தையும் மூன்று சர்வரிலும் ஓடவிட்டுப் பார்த்தபின் தம்பிதுரையைக் கூப்பிட்டாள்.

"இப்பப் போட்டுப் பாருங்ணா."

கொஞ்சம் கம்மிய, நிதானமான குரல் போன் வழியே கேட்டது. நடுவில் ஒரு சொல் தடுக்கியது. "அடக் கெரகமே" என்று முணுமுணுத்துவிட்டு அந்தக் குரல் மேலே படித்தது.

"ஐயோ, அதை வெட்ட விட்டுப்போச்சுங்ணா. எடுத்துப்போடறனுங்க."

அந்தப் பக்கம் பதிவு நின்றது.

"வெட்டிப்போடாதீங்க அம்மணி" என்றார் தம்பிதுரை. "இவ பக்கத்துலதான் ஒக்காந்திருக்கறா. தோள் குலுங்குச்சுங்க. அழுகறாளாட்ட இருக்குதுன்னு மூஞ்சியத் தொட்டுப் பாத்தனுங்க. சிரிக்கறா."