தளபதியின் இடது முழங்கால்

ஓவியக்கூடத்தில் வழிகாட்டி ஓர் ஆளுயரப் படத்தருகே நின்று விளக்கிக்கொண்டிருந்தார். பரம்பரைப் பிரபு, குதிரைப்படைத் தளபதி. புடைத்த மார்பு வீரமாம். தொய்ந்த இடது முழங்கால், எவனையும் பொருட்படுத்தாத மேட்டுக்குடி அலட்சியமாம். கூட்டம் தலையாட்டிவிட்டு அடுத்த அறைக்கு நகர்ந்தது.

தம்பியோடு பின்தங்கி நின்ற அக்காவுக்குச் சிரிப்பு முட்டியது. அந்த மார்பு அவர்கள் வீட்டுத் தலையணை.

தளபதிக்கு நிற்கப் பொறுமை கிடையாது. ஓவியரிடம் முகத்தை மட்டும் காட்டிவிட்டுப் போய்விட்டார். சீருடையை மாட்டிக்கொண்டு மிச்சத்துக்கு நின்றது, ஓவியருக்கு அடுத்த வீட்டில் குடியிருந்த அப்பா. சலவை ஆலையில் இஸ்திரி போடுகிறவர். ஒல்லிக்குச்சி உடம்பு, கோட்டு தொளதொளத்ததால் தலையணையைத் திணித்தார்கள். ஓவியர் வண்ணம் குழைக்கத் திரும்பினால் போதும், அப்பா வாளால் முதுகு சொறிந்துகொள்வார். மூலையில் உட்கார்ந்திருக்கும் சிறுமியான அவள் வாயைப் பொத்திக்கொள்வாள். அந்த அறையின் எண்ணெய் நாற்றம்கூட இப்போது வேண்டியிருந்தது.

அப்பாவுக்கு வேறு படம் கிடையாது. அவர் செத்தபோது தம்பி கைக்குழந்தை. படத்தை யாரோ வாங்கிவிட்டார்கள், நாளை கழற்றுகிறார்கள். அதற்குள் ஒருமுறையாவது அவனுக்கு அப்பாவைக் காட்டிவிட வேண்டுமென்று, வேலைக்கு மட்டம் போடவைத்து இழுத்து வந்திருந்தாள்.

தம்பி வெகுநேரம் பார்த்தான்.

“மூஞ்சி அவனோடது. நெஞ்சு தலையணை. கையில உறை. இதுல அப்பா எங்கக்கா இருக்காரு?”

சட்டியில் இல்லாதது அகப்பையில் எப்படி வரும்? இத்தனை வருஷம் ஒரு சீருடையைப் பார்த்தா உருகினோம் என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. போகலாம் என்று சொல்லத் திரும்பினாள்.

தம்பி வலது காலில் பாரத்தைப் போட்டு, இடது முழங்காலைத் தளரவிட்டு நின்றிருந்தான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நேராக நில்லுடா என்று அவளும் திட்டாத நாளில்லை. அப்பாவும் இப்படியே நிற்க, ஓவியர் கத்திக் கத்திப் பார்த்து, அலுத்துப்போய் அப்படியே வரைந்துவிட்டார்.

“டேய், அசையாத.”

“ஏன்க்கா?”

“உன் காலப் பாரு. அப்புறம் அங்க பாரு.”

பார்த்தான். வெட்கப்பட்டவன்போலக் காலை நிமிர்த்தினான். சற்று நேரத்தில் முழங்கால் தானாகவே தளர்ந்தது.

“மேட்டுக்குடி அலட்சியமாம்ல,” என்றான். “இஸ்திரிக்காரருக்குக் கொழுப்பப் பாரு.”

காவலாளி வந்து கதவைச் சாத்த வேண்டும் என்று சொல்லும்வரை, அவன் காலை மாற்றவே இல்லை.