அப்பா பேசிய நாற்பது நிமிடங்கள்

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், வார்ம் ஸ்பிரிங்ஸ் பழங்குடிக் குடியிருப்பில் எங்கள் இனத்து உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் இரண்டு வாரம் வானொலிப் பட்டறை நடத்துகிறோம். ஒலிப்பதிவு சொல்லித்தருவது நான்; பிள்ளைகள் எல்லோருக்கும் நான் அத்தைதான். வீட்டில் யாரையாவது பேசவைத்துப் பதிவு செய்து வருவதுதான் முதல் வேலை.

பதினாறு வயது லனீஸ் தன் அப்பா வெர்னனைப் பதிவு செய்திருந்தாள். காட்டுத்தீ அணைக்கும் குழுவில் இருந்தவர்.

"நாப்பது நிமிஷமாடி? மூணு நிமிஷம்தானே கேட்டேன்!"

"எங்கப்பா வாயைத் திறக்கவே அரை மணி நேரம் ஆகுது அத்தை. நான் என்ன பண்ண?"

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். மறுநாள் சுருக்கலாம் என்று கருவியை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

அன்று மதியம் மலையில் தீப்பிடித்தது. எரிந்துகொண்டிருந்த பைன் மரம் ஒன்று சாய்ந்து, அணைக்கப் போன வெர்னன் மேல் விழுந்தது.

எங்களில் ஒருவர் இறந்தால் ஓராண்டுக்கு அவர் படங்களை எடுத்து வைத்துவிடுவோம். பெயரைச் சொல்லமாட்டோம். அவர் குரலையும் அதுவரை யாரும் கேட்க வேண்டாம் என்று அவள் அம்மா யூனிஸ் சொல்லியனுப்பினாள்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் லனீஸ் தனியாக வந்தாள்.

"ஒரே ஒரு தடவை அத்தை. அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்."

"முடியாதும்மா."

"அவரு குரலே மறந்துடும் போல இருக்கு."

சாவி என் பையில்தான் இருந்தது. நான் அசையவில்லை.

"நீங்கெல்லாம் ஒரு அத்தையா?" என்றாள். பிறகு கடையில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஓராண்டு கழிந்து நினைவுச் சடங்கும் முடிந்தபின், தாயும் மகளும் வானொலி நிலையத்துக்கு வந்தார்கள். பதிவை ஓடவிட்டேன்.

பாதிக்கு மேல் லனீஸின் குரல்தான். அவர் தயங்கித் தயங்கி ஒன்றைத் தொடங்குவார். இவள் அடுத்த கேள்வியைப் போடுவாள். "சின்ன வயசுல, எங்கண்ணனும் நானும் ஆத்துல சால்மன் பிடிக்கப் போனோம். அன்னைக்குப் பாரு..." என்று அவர் ஆரம்பித்தார். "மீனெல்லாம் வேண்டாம்ப்பா, தீயைப் பத்திச் சொல்லுங்க" என்றாள் பதிவில் இருந்த லனீஸ். அவர் சத்தமாகச் சிரித்துவிட்டு, "சரி, உன் இஷ்டம்" என்றார்.

லனீஸ் அம்மா பக்கம் திரும்பினாள்.

"நான் அவரைப் பேசவே விடலம்மா. அன்னைக்கு என்ன நடந்துச்சு? உனக்குத் தெரியுமா?"

யூனிஸ் தலையை ஆட்டினாள். "தெரியாதுடி. பெரியப்பா இருந்தாலாவது கேக்கலாம்." மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா அந்தச் சிரிப்பைக் கேட்டியா? உன்கிட்ட மட்டும்தான் அப்படிச் சிரிப்பாரு."

அன்று நான் மறுத்தது சரிதானா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

லனீஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். ஓராண்டில் முதல் தடவை.

"கொஞ்சம் பின்னாடி போடுங்க அத்தை. ஆத்துக்குப் போனோம்னு சொல்ற இடம்."

ஒன்பது நொடிதான் இருந்தது. நான்கு தடவை போட்டேன்.